மலை உச்சி மழை, லயத்துக்குத் தெரிய

கேள்வி: ரத்தொட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கரண்டும் போச்சு, ஃபோன் சிக்னலும் போச்சு. மலை உச்சியில் எவ்வளவு மழை என்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எவருக்கும் தெரியவில்லை. ‘லோரா’ ரேடியோக் கருவியை வைத்து எங்கள் இளைஞர்கள் மண்சரிவு எச்சரிக்கை அமைக்கலாமா?
— வாசகர், மாத்தளை

பதில்: அமைக்கலாம். லோராவில் குரலோ படமோ போகாது. சில எண்களை மட்டும் மெதுவாக அனுப்பும். அதனால்தான் சிறு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. சிம் வேண்டாம். மறைப்பில்லாத வெளியில் 10 கிலோமீட்டர்கூடப் போகும். ஆனால் உங்கள் நக்கிள்ஸ் மலைச்சரிவில் ஒரு மலைமுகடு குறுக்கிட்டாலே நின்றுவிடும். ஆகவே மலை உச்சியில் வைக்கும் மழைமானியும் லயமும் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில், கோவிலிலோ பாடசாலையிலோ, செய்தியை வாங்கும் ‘கேட்வே’ கருவியைச் சோலார் தகட்டோடு பொருத்துங்கள்.

சாய்கிண்ண மழைமானி பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை சாயும். கடைசிப் பத்து நிமிடக் கணக்கை அனுப்பாமல், தொடக்கத்திலிருந்து சாய்ந்த மொத்த எண்ணிக்கையை அனுப்பச் செய்யுங்கள். இடையில் ஒரு செய்தி தவறினாலும் அடுத்தது ஈடுகட்டிவிடும். புனலில் சருகு அடைத்தால் கொட்டுகிற மழையிலும் பூச்சியம்தான் காட்டும். வாராவாரம் துப்புரவாக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாகக் கேட்வே, செய்தியை இணையத்தின் வழியே எங்கோ உள்ள சேர்வருக்கு அனுப்பும். புயல் இரவில் அந்த இணைப்பே இருக்காது. கணக்குப் பார்க்கும் சிறு கணினியைக் கேட்வேயின் பக்கத்திலேயே வையுங்கள். லயத்தில் ஊதும் சைரனும் லோரா கருவிகளில் ‘சி வகுப்பு’ கருவியாக இருக்கட்டும். அது எப்போதும் விழித்திருக்கும். மழைமானிக்கு ஏற்ற ‘ஏ வகுப்பு’, தான் பேசி முடித்த சில நொடிகள் மட்டுமே காது கொடுக்கும். விழித்திருக்கும் சைரனுக்குப் பெரிய பேட்டரி தேவை.

சைரன் எந்த அளவில் ஊத வேண்டும்? மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவாக 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழைக்குக் கவனம், 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று வைத்திருக்கிறது. உங்கள் சரிவுக்கு உரிய அளவை அவர்களிடமே கேளுங்கள். அலைவரிசை விதிகளைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் விசாரித்துவிட்டுக் கருவி வாங்குங்கள்.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. சனம் அதே லயங்களில்தான் இருந்தது. இதை நினைக்காமல் என்னால் இந்தப் பதிலை எழுத முடியவில்லை. சைரன் ஊதினால் நடுச்சாமத்தில் எந்தப் பாதையால் எங்கே போவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது என்று தோட்டத் தலைவரோடும் கிராம உத்தியோகத்தரோடும் முதலில் பேசி முடியுங்கள். கருவி அதற்குப் பிறகு வரட்டும்.