பாடம் 12: வழி திறந்த வீரர்

மாணவர்களே, மொன்றியல் அலுவெட்ஸ் அணியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சு மொழியில் அலுவெட் என்றால் வானம்பாடி. அந்த அணி விளையாடுவது ஃபுட்போல். காலால் உதைக்கும் உதைபந்தாட்டம் இல்லை! முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு.

இந்த அணி 1946இல் தொடங்கியது. அந்த ஆண்டே ஹேர்ப் ட்ராவிக் அணியில் சேர்ந்தார். அவர் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் அங்கே பல கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றான கென்டக்கி மாநிலக் கல்லூரியில்தான் ட்ராவிக் விளையாடினார்.

படிப்பு முடிந்ததும் பெரிய அணியில் சேரலாம் என்று நினைக்கிறீர்களா? 1934 முதல் 1945 வரை அமெரிக்காவின் என்.எஃப்.எல். அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூட விளையாடவில்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் இடம் கிடைக்கவில்லை. மொன்றியலில் ட்ராவிக்குக்கு இடம் கிடைத்தது. அதே 1946இல் ஜக்கி றொபின்சன் என்ற கறுப்பின வீரரும் மொன்றியல் றோயல்ஸ் அணியில் பேஸ்போல் விளையாடினார்.

ட்ராவிக் முன்வரிசை வீரர். எதிரணியினரைத் தடுத்து, பந்தோடு ஓடுபவருக்கு வழி ஏற்படுத்துவது அவருடைய வேலை. அவர் கைக்குப் பந்து வருவதே குறைவு.

1949 நவம்பரில் ரொறன்ரோவில் கிரே கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. கல்கரி அணியின் கையிலிருந்து பந்து நழுவியது. ட்ராவிக் அதை எடுத்தார், ஓடினார், கோட்டைக் கடந்தார்! மொன்றியல் 28–15 என்று வென்றது. அலுவெட்ஸ் வென்ற முதல் கிரே கிண்ணம் அதுதான்.

ட்ராவிக் 12 ஆண்டுகள் அதே அணியில் விளையாடினார். இன்று மொன்றியலின் லிட்டில் பேர்கண்டி பகுதியில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

தங்கச்சி: அண்ணா, பந்தோட ஓடுறவருக்குத்தானே எல்லாரும் கை தட்டுவினம்?
அண்ணா: ஓம். ஆனா முன்னுக்கு நிக்கிறவர் தடுக்காட்டி, அவர் எப்பிடி ஓடுறது?
தங்கச்சி: அப்ப ரெண்டு பேருக்கும் கை தட்டோணும்!

எழுதுவோம்

1. ட்ராவிக் எந்தக் கல்லூரியில் விளையாடினார்?
2. முன்வரிசை வீரரின் வேலை என்ன?
3. "எப்பிடி", "தட்டோணும்" என்பவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
4. விளையாட்டில் ஒருவரை மற்றவர்கள் சேர்க்கவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் சொல்லிப் பாருங்கள்.