பூனையின் கடைசி நாட்கள்: புதுச்சேரி வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கே தொடங்குவது?

வயதான பூனைகளை அதிகம் படுக்க வைப்பது சிறுநீரகக் கோளாறுதான். குணமாகாது என்று டாக்டர் சொன்ன பிறகும் நமக்கு வேலை இருக்கிறது. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ துணி போர்த்திய கூடையில் கொண்டுபோவோம். வலிக்கு என்ன மருந்து, இரவில் எது நடந்தால் உடனே அழைக்க வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்வோம்.

படுக்கை

கத்திரி வெயிலில் மாடி அறை வேண்டாம். தரைத்தள அறையில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டாலே போதும். மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடுவோம். காலைத் தூக்க அதற்குத் தெம்பு இருக்காது. பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காமல், தண்ணீரை அங்கேயே வைப்போம்.

உணவு

பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. குபேர் அங்காடி நெத்திலியை உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். பத்தியத்தில் கண்டிப்பு காட்டும் கட்டம் இதுவல்ல. எதை நக்கினாலும் லாபம்தான். படுத்திருக்கும் பூனையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

எவ்வளவு செலவு?

டாக்டர் சொன்னால், தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றுவதை வீட்டிலேயே பழகலாம். பாட்டில் பெரும்பாலும் 100 ரூபாய்க்குள்தான். அளவு மட்டும் டாக்டர் சொன்னபடி. இதய நோய் இருந்தால் கூடுதல் திரவம் ஆபத்து. பணம் கரைவது இரத்தப் பரிசோதனையிலும் ஆட்டோவிலும்தான். முடிவை மாற்றாத பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

ஜாக்கிரதை

பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் விஷம்தான்.

எப்போது போதும்?

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் தந்த அளவுகோல் இருக்கிறது. வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை ஆகிய ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுவோம். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இப்படியே தொடரலாம். தினம் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். பாசம் கணக்கில் ஏமாற்றும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ உடனே டாக்டருக்குப் போன்.

கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் மயக்க ஊசி, பிறகு அளவு கூடிய மயக்க மருந்து. சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்கள் திறந்தபடியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

அதன் பிறகு

கடற்கரை மணலில் புதைத்தால் நாய்கள் தோண்டிவிடும். சொந்தத் தோட்டத்தில் மூன்றடி ஆழம் தோண்டுவோம். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், மண் தள்ளும் முன் அது ஒருமுறை வந்து முகர்ந்து பார்க்கட்டும்.