எண்ணப்படாமல் நுழைந்த காற்று

கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன், வீட்டிலிருந்த பழைய காரில் ஒரு மாற்றம் செய்தான். 1600 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். பானட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்குமல்லவா? அதற்குள்தான் காற்று வடிகட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியையும், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் நெளிவான ரப்பர்க் குழாயையும் கழற்றினான். அவற்றின் இடத்தில் வழவழப்பான அலுமினியக் குழாய் ஒன்றையும், அதன் நுனியில் கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றையும் பொருத்தினான். காற்று தடையின்றிப் போனால் எஞ்சினின் திறன் கூடும் என்பது அவன் கணக்கு.

வண்டியின் ஒலி கம்பீரமாக மாறியது என்னவோ உண்மை. ஆனால் அன்று மாலையே, சிக்னலில் நின்றபோது எஞ்சின் உதறத் தொடங்கியது. சில வேளை அணைந்தே போயிற்று. நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றாலோ ஒரு குறையும் இல்லை! மூன்றாம் நாள் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். பிளக்கை மாற்று என்றார் மற்றொருவர். பிளக் நான்கையும் மாற்றினான். பெட்ரோல் போடும் பங்க்கையும் மாற்றினான். உதறல் மட்டும் மாறவில்லை.

நிற்கும்போது உதறுகிற எஞ்சின், ஓடும்போது ஏன் உதறவில்லை? மாணவர்களே, இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பழுது இருக்கும் இடத்துக்கு இதுவே நம்மை அழைத்துச் செல்லும்.

காற்றுக் கணக்கு

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். எடையைப் பார்த்தால் அது பெரும்பாலும் காற்றில் ஓடுகிறது என்றே சொல்ல வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 0.74 கிலோ. அப்படியானால் அதற்கு வேண்டிய காற்று கிட்டத்தட்ட 11 கிலோ. 30 டிகிரி செல்சியஸில் இந்தக் காற்று சுமார் 9,400 லிட்டர் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள ஓர் அறையின் காற்று முழுவதும், மூன்று லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குள் தீர்ந்துவிடும்!

இந்த 14.7 என்ற விகிதம் அதிகம் பிசகக் கூடாது. காற்று மிகுந்தால் கலவை மெலிந்து, சரியாகத் தீப்பற்றாமல் எஞ்சின் உதறும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். பழைய கார்களில் கார்புரேட்டர் இந்த வேலையைச் செய்தது. குறுகிய கழுத்தின் வழியே விரையும் காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டது. இன்றைய எஞ்சினில் பெட்ரோலைப் பீய்ச்சுவது ஒரு கணினியின் கட்டளைப்படி நடக்கிறது. கணினிக்குக் கட்டளையிடத் தெரியும். ஆனால் காற்று எவ்வளவு வந்தது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டுமே!

அதைச் சொல்வது ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தார் 1980-களின் தொடக்கத்தில் இம்முறையைக் கார்களில் புகுத்தினர். கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி, காற்றின் பாதையில் வைத்துவிடுகிறார்கள். சூடான தேநீரை ஊதினால் ஆறுவது போல, கடந்து போகும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். அதன் சூட்டைக் குறையாமல் காக்க இன்னும் சற்று மின்னோட்டம் செலுத்த வேண்டும். எவ்வளவு மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்பட்டதோ, அதிலிருந்து வந்த காற்றின் நிறை தெரிந்துவிடும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத தராசு இது!

கம்பி என்பது சர்க்கஸ் கூடாரத்தின் வாசலில் நின்று ஆட்களை எண்ணுபவரைப் போன்றது. புகைபோகும் குழாயில் இன்னொரு கருவி உண்டு. எரிந்த வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் உணரி அது. 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. கூடாரத்துக்குள் தலைகளை எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கையாளர் என்று இதைக் கொள்ளலாம். வாசல் கணக்கைவிட உள்ளே ஆட்கள் அதிகமாக இருந்தால் என்ன பொருள்? யாரோ பக்கத்துத் துணியைத் தூக்கிக்கொண்டு நுழைந்திருக்கிறார்கள்! அப்போது கணினி பெட்ரோலைச் சற்றுக் கூட்டித் திருத்திக்கொள்ளும். திருத்தம் அளவு மீறிப் போனால் மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும்.

எல்லாக் கார்களிலும் சூட்டுக்கம்பி இருப்பதில்லை. பல சிறிய கார்கள், காற்று நுழையும் கிளைக்குழாயின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து காற்றைக் கணக்கிடுகின்றன. அவற்றில் நாம் சொல்லப்போகும் பழுது வேறு விதமாகத் தெரியும். நம் கார் சூட்டுக்கம்பி உடையது. பையன் அந்தக் கம்பியைக் கவனமாகவே புதிய குழாயில் பொருத்தியிருந்தான்.

தொண்டையில் ஒரு கதவு

கணக்கிடும் கம்பியைத் தாண்டி வரும் காற்று, திராட்டில் எனப்படும் ஒரு வட்டத் தகட்டைச் சந்திக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது இந்தக் கதவு ஏறக்குறைய முழுதும் மூடியிருக்கிறது. பிஸ்டன்களோ விடாமல் இழுக்கின்றன. ஆகவே கதவுக்கு அப்பால் உள்ள கிளைக்குழாயில் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். நகரத்துச் சாலையில் ஓட்டும்போது பெரும்பாலும் கதவு பாதிகூடத் திறந்திருப்பதில்லை. காற்றைத் தடுப்பது வடிகட்டியல்ல, ஓட்டுநரின் கால்தான். தொண்டையை நாமே அடைத்துக்கொண்டு மூக்கை அகலமாக்கி என்ன பயன்? கதவு முழுதும் திறந்து, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே வடிகட்டியின் தடை கணக்கில் வரும். வடிகட்டி தூசியில்லாமல் இருந்தால் அப்போதும் அது சிறிதுதான்.

இனி ஒரு சோதனை. குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றில், வாய்க்கு அருகே ஊசியால் ஒரு துளையிடுங்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சுங்கள். விரலை எடுத்துவிட்டு, மீண்டும் மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள். வெளிக்காற்று புகுந்து குமிழிகளாக வரும். தாழ்ந்த அழுத்தம் உள்ள இடத்தில் எவ்வளவு சிறிய ஓட்டை இருந்தாலும் காற்று அதைக் கண்டுபிடித்துவிடும்.

கட்டைவிரல் கண்டுபிடித்த பழுது

கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடவில்லை. ஸ்கேனரைச் செருகினார். "கலவை மெலிவு" என்று பொருள்படும் பி 0171 என்ற குறியெண் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டித் திருத்துகிறது என்று பார்த்தார். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது சுமார் 20 விழுக்காடு. நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தினால் 5 விழுக்காடு.

"தம்பி, காத்து வெளியில இருந்து வருதுங்க. கதவுக்கு அந்தப்பக்கம் எங்கியோ ஓட்டை" என்றார்.

எப்படிச் சொன்னார்? கணக்குப் போட்டால் நமக்கும் தெரியும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. 800 சுற்றில், மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில், நம் 1600 கன செ.மீ. எஞ்சின் விநாடிக்குச் சுமார் 3.5 லிட்டர் வெளிக்காற்றைக் குடிக்கும். இதில் 0.6 லிட்டர் கம்பியை ஏமாற்றிவிட்டு நுழைந்தால் அது பெரிய மோசடி. 3,000 சுற்றில் கதவை முழுதும் திறந்தாலோ விநாடிக்கு 40 லிட்டர்வரை போகும். அங்கே 0.6 லிட்டர் எம்மாத்திரம்! அதோடு, கதவு திறந்ததும் உள்ளே அழுத்தம் உயர்ந்துவிடுவதால் ஓட்டை வழியே இழுக்கும் விசையும் குறைகிறது. நிற்கும்போது உதறிய எஞ்சின் ஓடும்போது உதறாத காரணம் இதுதான்.

ஓட்டை எங்கே? புதுக் குழாயின் கிளிப்புகள் இறுக்கமாகவே இருந்தன. மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு குழாய் வாயைக் காட்டினார். அதன்மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குட்டி வடிகட்டியைப் பையன் மாட்டியிருந்தான். அதைக் கழற்றிவிட்டு, அந்த வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். விரல் உள்ளே இழுக்கப்பட்டது. சில விநாடிகளில் உதறல் அடங்கியது! விரலை எடுத்தார், மறுபடி உதறியது. (ஓடும் எஞ்சினில் பெல்ட்டும் விசிறியும் சுழன்றுகொண்டிருக்கும். இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.)

அந்தச் சிறு வாயின் கதை சுவையானது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கொஞ்சம் வாயு கசிந்து, கீழே எண்ணெய் இருக்கும் கிராங்க் பெட்டிக்குள் இறங்கும். ஒரு காலத்தில் அதை வெளிக்காற்றில் விட்டுவிட்டார்கள். நச்சுப் புகைக்கு அதுவும் காரணம் என்று தெரிந்தபின், 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த வாயுவைக் கிளைக்குழாய்க்கே திருப்பி எரிக்கத் தொடங்கினர். இப்படி உறிஞ்சப்படும் வாயுவுக்கு ஈடாகப் புதுக்காற்று கிராங்க் பெட்டிக்குள் வர வேண்டும். அதைத் தருவதுதான் பிரீதர் குழாய். பழைய ரப்பர்க் குழாயில் அதற்கென ஓர் இணைப்பு இருந்தது, அதுவும் கம்பியைத் தாண்டிய இடத்தில்! அதாவது எண்ணப்பட்ட காற்றில் ஒரு பகுதிதான் அவ்வழியே சுற்றிக்கொண்டு போனது. அலுமினியக் குழாயில் அந்த இணைப்பு இல்லை. ஆகவே பையன் பிரீதரைத் திறந்துவிட்டு, தூசி போகாமலிருக்கக் குட்டி வடிகட்டி மாட்டினான். தூசியைத் தடுத்தான். கணக்கை மறந்துவிட்டான்.

அலுமினியக் குழாயில் ஒரு சிறு இணைப்பை வெல்டிங் செய்து, பிரீதரை அதில் சேர்த்ததும் நோய் தீர்ந்தது. செலவு, மாற்றிய பிளக்குகளின் விலையைவிடக் குறைவு.

பெட்டி சும்மா இல்லை

நோய் தீர்ந்தது, திறன் கூடியதா? ஸ்கேனர் கையிலிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்தோம். அன்று வெளியே 33 டிகிரி. நெரிசலில் ஊர்ந்த பிறகு, கூம்பு வடிகட்டி உறிஞ்சிய காற்று 58 டிகிரி! பானட்டுக்கு அடியில் எஞ்சினின் சூட்டையே அது குடித்துக்கொண்டிருந்தது. சார்லஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். 306-ஐ 331-ஆல் வகுத்தால் 0.92. அதே கொள்ளளவில் காற்றின் நிறை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. பழைய பெட்டியின் மூக்கு ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்காற்றை நோக்கி நீண்டிருந்தது வீணுக்கல்ல. அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த, எங்கும் போகாத வெற்று அறைகூட வீணல்ல. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலிக்குமே, அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ் தத்துவத்தால் அது உறிஞ்சும் இரைச்சலைத் தணிக்கிறது. அதைக் கழற்றினால் ஒலி கூடும். கூடிய ஒலியைக் கூடிய திறன் என்று காது நம்பிவிடுகிறது.

சிலர் குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயைப் பம்பர் வரை கீழே இறக்குவதுண்டு. அது மழைக்காலத்தில் ஆபத்து. நம் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 கன செ.மீ. அமுக்க விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சியிலிருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 44 கன செ.மீ. தான். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் போதும் அதை நிரப்ப. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் தண்ணீர் வடியுமுன், அல்லது வடிந்த உடனேயே, சாவி போட்டுக் கிளப்பிப் பார்த்தவர்கள் பலர் இப்படி எஞ்சினை இழந்தார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பையன் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டான். யாரும் சொல்லவில்லை, 58 என்ற எண் அவனை உறுத்தியிருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு புதிர். வேறொரு கார், அதுவும் சூட்டுக்கம்பி உடையதுதான். எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டி ஒன்றைக் கழுவி, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி மாட்டியிருக்கிறார்கள். நின்றபடி ஓடும்போது கணினியின் திருத்தம் 2 விழுக்காடு; வேகமாக ஓட்டும்போது 18 விழுக்காடு. கட்டைவிரலால் எந்த வாயை அடைத்தும் பயனில்லை. மெக்கானிக் எந்தப் பாகத்தை முதலில் கழற்றிப் பார்த்திருப்பார்?