இல்லத்திற் பெறும் உளப்பயிற்சி

ஆசிரியர் முன்னிலையில் அமர்ந்து பெறுவதே கல்வி என நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இக்காலத்திலோ, தொலைவிலிருக்கும் அறிஞர் வகுத்த பயிற்சியை ஒரு குழந்தை கணினியின் துணைகொண்டு தன் இல்லத்திலிருந்தே பெறுதல் கூடும். நரம்பு வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகட்கு இம்முறை எத்துணைப் பயன் தருமென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

“நூலைத் திற, பத்தாம் பக்கத்தை எடு, மூன்றாங் கணக்கைச் செய்” என ஆசிரியர் கூறுகின்றார். இம்மூன்றையும் செய்து முடிக்குமளவும் உள்ளத்தில் நிறுத்திவைக்கும் ஆற்றலைச் செயல்நினைவு என்பர். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உடைய குழந்தைகள் பலரிடம் இவ்வாற்றல் குன்றியிருக்கும். அத்தகைய குழந்தை நூலைத் திறந்தவுடன் ஏனையவற்றை மறந்து திகைக்கும். அறியாதார் அதனைச் சோம்பலென்றும் அடங்காமையென்றும் பழிப்பர்.

சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சார்ந்த டார்கெல் கிளிங்பெர்க் என்பாரும் அவர்தம் துணைவரும் இவ்வாற்றலைப் பயிற்சியால் வளர்க்க முயன்றனர். 2005ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 12 வயது வரையுள்ள 53 குழந்தைகள் இல்லத்திலோ பள்ளியிலோ பயின்றனர். அவர்தம் பயிற்சிக் குறிப்பு இணையத்தின் வழியே ஆய்வாளரை அடைந்தது. ஒரு சாரார்க்குப் பயிற்சி, அவர் தேறத்தேறக் கடினமாயிற்று. மற்றொரு சாரார்க்கு எளிதாகவே நின்றது. முன்னவர் செயல்நினைவிற் சிறந்தனர். பெற்றோர் அவர்தம் நடத்தையிலும் நன்மாற்றங் கண்டனர். ஆசிரியரோ குறிப்பிடத்தக்க மாற்றங் கண்டிலர்.

இவ்வேறுபாடே நாம் ஊன்றி நோக்கற்பாலது. 2013இல் மெல்பி-லெர்வாக், ஹுல்ம் என்னும் இருவர், குறைபாடுடையாரும் இல்லாரும் இத்தகைய பயிற்சி பெற்ற 23 ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். பயிற்சி முடிந்த அணிமையில் நினைவு வளர்ந்திருந்தது; ஆயின், படிப்பிற்கும் கணக்கிற்கும் அவ்வளர்ச்சி பாய்ந்தது என்பதற்குத் தக்க சான்று கிடைத்திலது. கவனக்குறைவுடைய 348 குழந்தைகள் இல்லத்தில் ஆடிய கணினி விளையாட்டைப் பற்றி 2020இல் வேறோர் ஆய்வு வெளிவந்தது. அதனால் கவனத்தை அளக்குஞ் சோதனையில் முன்னேற்றம் உண்டாயிற்று; பெற்றோர் மதிப்பீட்டிலோ, வேறு விளையாட்டு ஆடிய குழந்தைகட்கும் இவர்கட்கும் வேறுபாடு தோன்றவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. திரையிற் பெறும் மதிப்பெண்ணும் அத்தகையதே. எனவே, பயிற்சியை விற்போர் கூறும் உயர்வுரையைக் கேட்டுப் பெற்றோர் தம் அரும்பொருளைச் செலவிடுமுன், “என் குழந்தையின் வகுப்பறை வாழ்வில் இது யாது மாற்றஞ் செய்யும்?” என வினவுதல் வேண்டும். மருத்துவரில்லாத சிற்றூர்க்கும் எட்டவல்லது என்பது இம்முறையின் சிறப்பே. எட்டுதல் ஒன்று, பயன்படுதல் மற்றொன்று.

நம்முள் நாளை ஆசிரியராவார் பலர். மூன்று கட்டளைகளை ஒருங்கே கூறாது ஒவ்வொன்றாகக் கூறுதலும், கூறியதைக் கரும்பலகையில் எழுதிவைத்தலும் பொருட்செலவற்ற உதவிகள். நினைவு குன்றிய குழந்தையைப் பழியாது, அதன் சுமையைக் குறைக்க இன்றே உறுதி கொள்வோமாக.