தம்பிக்கு ரெண்டு டிகிரி: கையெழுத்துப் போடும் முன்

"நாலே வருஷம், ரெண்டு டிகிரி, அப்ளை பண்ணட்டுமா அக்கா?" தம்பி கேட்கிறான். லோனுக்கு கோ-அப்ளிகன்ட் நீங்கதான்.

சயின்ஸஸ் போ–கொலம்பியா படிப்பையே பாருங்க. முதல் 2 வருஷம் பிரான்ஸ், அடுத்த 2 வருஷம் நியூயார்க். எங்கே படிக்கிறானோ அங்கத்த ஃபீஸ். முதல் வருஷச் செலவை நாலால் பெருக்காதீங்க. நியூயார்க் கணக்கைத் தனியா போடுங்க.

உதாரணமா 40 லட்சம், 10% வட்டி, 10 வருஷம்: இஎம்ஐ சுமார் 52,860 ரூபாய். படிக்கும்போது சேரும் வட்டி தனி. நீங்க அவனுக்குச் சட்டப்படி கார்டியனா இல்லாட்டி, அந்த வட்டிக்கு உங்களுக்கு வரிச்சலுகையும் கிடையாது.

அவனுக்கு வேலை கிடைக்காத மாசத்திலும் உங்க சம்பளம் இதைத் தாங்குமா? தாங்காதுன்னா, "அப்ளை பண்ணு, உதவித்தொகை வந்தா மட்டும் சேரு"ன்னு இன்னிக்கே பேசிடுங்க.