போட்டிக்கு ஒரு சிறு றோபோ

பாடசாலைப் போட்டிக்கு றோபோ செய்யப்போவதாகப் பிள்ளை சொன்னதும், "இடம்பெயர்ந்து இருக்கிற எங்களுக்கு இது எட்டுமா?" என்று நாம் தயங்குகிறோம். தயங்க வேண்டியதில்லை. இதன் முதற் பாடம் நாம் முன்னரே படித்ததுதான்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பற்றறி வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டோம். கை தளர்ந்தால் வானொலி அடங்கிவிடும். றோபோ செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் இடறுவதும் இந்த மின்வலுக் குறைவில்தான்.

றோபோவுக்கு மூன்று வேலைகள்: அறிதல், தீர்மானித்தல், அசைதல். வெள்ளைத் தரையில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

அறிதல்: கோட்டின் இரு பக்கமும் ஒவ்வோர் உணரி அகச்சிவப்பு ஒளியை வீசும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும்.

தீர்மானித்தல்: இடது உணரி கறுப்பைக் கண்டால் வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது. இடது மோட்டரை நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இதைத் தீர்மானிப்பது ஆர்டுயினோ போன்ற சிறு கணினிப் பலகை.

அசைதல்: அப்பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி அம்பியர் அளவே எடுக்கலாம். சிறு மோட்டருக்கோ நூற்றுக்கு மேல் வேண்டும். ஆகவே மோட்டரை இயக்கும் தனிப் பலகை ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

சிறிய 9 வோல்ற்றுப் பற்றறி ஒன்றையே நம்பக்கூடாது. மோட்டர் கிளம்பும்போது வோல்ற்று விழும். கணினிப் பலகை நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மோட்டருக்கும் கணினிப் பலகைக்கும் தனித்தனிப் பற்றறி வைத்து, இரண்டின் மறை முனைகளையும் ஒன்றாக இணைப்போம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்ட வேண்டாம். முதலில் மோட்டரை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். அடுத்து உணரியை மட்டும் சோதிப்போம். இரண்டும் சரியானபின் இணைப்போம். அப்போதுதான் பிழை எங்கே என்று தெரியும். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. முற்றத்தில் உணரி ஏமாறும். போட்டி மண்டபத்து வெளிச்சத்திலும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

செலவு பாரமானால் நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைச் செய்யலாம். கழற்றி மீண்டும் பூட்டும்போது ஒவ்வொரு பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

செய்து பார்க்க:
1. இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் கறுப்பைக் கண்டால் வண்டி என்ன செய்ய வேண்டும்?
2. டைனமோவில் வானொலி கேட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய வண்டி எதனால் நிற்கக்கூடும் என்று கேளுங்கள்.