கொன்றது யார்? ‘ரஷோமோன்’ திரைப்படம் தரும் பாடம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, அடுகோடியில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் பதினைவர் கூடி ‘ரஷோமோன்’ என்னும் சப்பானியத் திரைப்படத்தைக் கண்டோம். படம் முடிந்ததும் முதிய அம்மையார் ஒருவர், “எல்லாம் சரி அய்யா, கடைசியில் கொன்றது யார்?” என்று வினவினார். எல்லோரும் நகைத்தனர். நமக்கு மட்டும் நகைப்பு வரவில்லை. அதன் காரணத்தை இப்பாடத்தின் முடிவில் கூறுவோம். முதலில் படத்தை அறிவோம்.

அகிரா குரோசாவா இயக்கிய இப்படம் 1950 ஆகஸ்டில் வெளிவந்தது. அகுதாகவா ரியுனொசுகே என்னும் எழுத்தாளரின் இரு சிறுகதைகளை இணைத்து அமைக்கப் பெற்றது. 1951இல் வெனிசுப் படவிழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்கர் சிறப்பு விருதையும் பெற்றது. மேனாட்டார் சப்பானியப் படக்கலையை நாடத் தொடங்கியது இதற்குப் பின்னரே எனலாம்.

கதை எளியது. அடைமழையில் இடிந்து கிடக்கும் ரஷோமோன் என்னும் நகர வாயிலில் விறகுவெட்டி ஒருவனும், பௌத்தத் துறவி ஒருவரும், வழிப்போக்கன் ஒருவனும் ஒதுங்குகின்றனர். காட்டில் நடந்த கொலையொன்றின் வழக்கு அவர்கள் பேச்சில் விரிகிறது. போர்வீரன் ஒருவன் தன் மனைவியுடன் காட்டு வழியே சென்றான். வழிப்பறிக்காரன் ஒருவன் அவனை வஞ்சித்துக் கட்டிப்போட்டு, அவன் கண்ணெதிரே அவளை மானபங்கம் செய்தான். பின்பு போர்வீரன் பிணமாகக் கிடந்தான். இவ்வளவில் ஐயமில்லை. அவன் இறந்த வகையில்தான் சாட்சியங்கள் மாறுபடுகின்றன.

“இருபத்துமூன்று முறை வாளோடு வாள் மோதி, வீரப்போரில் நானே கொன்றேன்” என்கிறான் வழிப்பறிக்காரன். கணவனின் வெறுப்புப் பார்வையைத் தாளாது மயங்கியதாகவும், விழித்தபோது தன் குறுவாள் அவன் மார்பில் இருந்ததாகவும் கூறுகிறாள் மனைவி. மருளாடி ஒருத்தியின் வாய்வழிப் பேசும் இறந்தவனோ, “மானம் காக்க நானே குத்திக்கொண்டேன்” என்கிறான். இறுதியில் விறகுவெட்டி, தான் மறைந்திருந்து கண்டதாக நான்காவதொரு கதை சொல்கிறான். அதிலே வீரமும் இல்லை, மானமும் இல்லை. கை நடுங்க, புழுதியில் புரண்டு, அஞ்சி அஞ்சிப் போரிடும் இருவரையே காண்கிறோம்.

இனி இதன் கலைச் சிறப்பை மூன்றாக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, நீதிமன்றக் காட்சி. சாட்சிகள் மணல் முற்றத்தில் அமர்ந்து நம்மை நோக்கியே பேசுகின்றனர். நீதிபதியின் முகமும் தோன்றுவதில்லை, குரலும் கேட்பதில்லை. படம் பார்ப்போரே நீதிபதியாக அமர்த்தப்படுகின்றனர்.

இரண்டாவது, ஒளி. படப்பிடிப்பாளர் கசுவோ மியாகவா, இலைகளின் ஊடே கதிரவனையே நேராகப் படமெடுத்தார். கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி நடிகர் முகங்களில் வீழ்த்தினார். இலை நிழலும் வெயிலும் மாறி மாறி முகங்களில் ஆடுகின்றன. மெய்யும் பொய்யும் கலந்த நிலையை உரையாடல் இன்றியே கண்ணுக்குக் காட்டிய நுட்பம் இது. வாயில் காட்சியின் மழையோ, வானத்தின் வெண்மையில் மறைந்து போகாதிருக்க, நீரிலே மை கலந்து பொழிவிக்கப்பட்டது.

மூன்றாவது, நடிப்பு. வழிப்பறிக்காரனாகத் தொஷிரோ மிஃபுனேயும், மனைவியாக மச்சிகோ கியோவும், போர்வீரனாக மசாயுகி மோரியும் ஒரே நிகழ்ச்சியை நான்கு முறை நடிக்கின்றனர். ஒவ்வொரு முறையும் அவர்கள் வேறு மனிதராகவே மாறிவிடுகின்றனர்.

இப்படத்தின் சாயலில் தமிழிலும் ஒரு நல்ல படம் தோன்றியது. வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில், ஏவி.எம். நிறுவனம் 1954 ஏப்ரலில் வெளியிட்ட ‘அந்த நாள்’ அது. திரைக்கதை, உரையாடல் ஜாவர் சீதாராமன். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம் என்று பெயர் பெற்றது. 1943 அக்டோபரில் சென்னை மீது சப்பானியர் குண்டு வீசிய மறுநாள், இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு இறக்கிறான். துப்பறிவோர் வினவ, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை கூறுகின்றனர்.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். ‘அந்த நாள்’ படத்தில் ஒருவர் மற்றொருவர் மீது ஐயத்தைத் திருப்புகிறார். நாம் நாள்தோறும் காணும் மனித இயல்பு இதுவே. இறுதியில் மறைப்பு நீங்கி உண்மையும் வெளிப்படுகிறது. ‘ரஷோமோன்’ படத்திலோ கொலைப் பழியைப் பிறர் மேல் சுமத்துவார் இல்லை. மூவரும் தம் மீதே ஏற்றுக்கொள்கின்றனர்! தண்டனைக்கு அஞ்சிப் பொய் சொல்வதை நாம் அறிவோம். தூக்குமேடை ஏறினாலும் ஏறுவேன், வீரன் என்ற பெயரோடு ஏறுவேன் என்று சொல்லும் பொய் அதனினும் ஆழமானது. அது பிறரை ஏமாற்றுமுன் சொல்பவனையே ஏமாற்றிவிடுகிறது. “நான்” என்னும் உருவத்தைக் காக்கவே அவர்கள் பொய் சொன்னார்கள். இறந்த பின்னும் அந்த “நான்” சாகவில்லை என்பதற்கன்றோ, ஆவியையும் சாட்சிக்கு அழைத்தார் குரோசாவா!

விறகுவெட்டியும் இதற்கு விலக்கல்லன். நீதிமன்றத்தில் அவன், “பிணத்தை மட்டுமே கண்டேன்” என்றான். முழுதும் கண்டதை ஏன் மறைத்தான்? முத்துப் பதித்த அக்குறுவாள் காணாமற் போனது ஏன்? வழிப்போக்கன் இதைக் கேட்டபோது அவன் தலை கவிழ்ந்தது.

அந்த இடத்தில்தான், இதை எழுதும் நாமும் தலை கவிழ்ந்தோம்.

இளமையில் நாம் ஒரு நூற்பாலையில் வேலை செய்தோம். ஒரு நாள் இரவு ஷிப்டில், பாபின் மாற்றும் பையன் ஒருவனின் விரல்கள் இயந்திரத்தில் சிக்கின. பையன் கை உள்ளே இருக்கும்போது இயந்திரத்தை ஓட்டியவர் யார் என்று விசாரணை நடந்தது. “இன்னாருடைய கை பொத்தானில் இருந்ததைக் கண்ணால் கண்டேன்” என்று நாம் உறுதியாகச் சொன்னோம். அத்தோழர் வேலையை இழந்தார். உண்மையில் அவ்வேளை நாம் நம் இடத்திலேயே இல்லை. வெற்றிலை போட வாயிற்பக்கம் சென்றிருந்தோம். “காணவில்லை” என்றால் “எங்கே போயிருந்தாய்?” என்ற கேள்வி வரும். கவனமுள்ள தொழிலாளி என்ற பெயர் கெடும். அப்பெயருக்காகவே காணாததைக் கண்டோம். பலமுறை சொல்லச் சொல்ல, அந்தக் கை நம் மனக்கண்ணில் தெரியவே தொடங்கிற்று. இன்றும் தெரிகிறது! அதனாலேயே, அம்மையாரின் கேள்விக்கு நாம் நகைக்கவில்லை.

“முசாவாதா வேரமணி” என்று நாள்தோறும் ஓதுகிறோம். பொய்யுரையினின்று விலகுதல் நாவுக்கு மட்டும் உரிய சீலம் என்று பலகாலம் எண்ணியிருந்தோம். கண்ட காட்சியில் நம்மை நல்லவராகத் தீட்டிக் கொள்ளும் மனமே முதற்பொய்யைச் சொல்கிறது. நாவு அதனைப் பின்தொடர்கிறது. இதை நமக்கு விளங்க வைத்தது இப்படமே.

படத்தின் முடிவை மறவாதீர். வாயிலில் கைவிடப்பட்ட குழந்தை ஒன்று அழுகிறது. வழிப்போக்கன் அதன் துணிகளைப் பறித்துச் செல்கிறான். விறகுவெட்டி குழந்தைக்குக் கை நீட்டும்போது, மனிதர் மீதே நம்பிக்கை இழந்த துறவி, இவனும் கொள்ளையிடவே வந்தான் என்று அதனை அணைத்துக் கொள்கிறார். “எனக்கு ஆறு பிள்ளைகள், ஏழாவதால் சுமை கூடிவிடாது” என்கிறான் அவன். துறவி நாணி, குழந்தையை அவனிடம் தருகிறார். மழை ஓய்கிறது. குறுவாளைத் திருடிய அதே கைதான் குழந்தையையும் ஏந்திச் செல்கிறது. திருட்டு இல்லையென்று ஆகிவிடவில்லை. ஆயினும் அவன் அதனோடு முடிந்துவிடவும் இல்லை.

அம்மையாரின் கேள்விக்குப் படம் விடை தருவதில்லை. தந்திருந்தால், குற்றவாளியை அறிந்த நிம்மதியோடு நாம் உறங்கச் சென்றிருப்போம். விடையைத் தராமல், ஒவ்வொருவரையும் தம் சாட்சியத்தைத் தாமே விசாரிக்கச் செய்ததே இதன் தலையாய கலைச் சிறப்பாகும்.

படம் பார்த்த மறுவாரம் நாம் அத்தோழரின் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் காலமாகிவிட்டார். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டிருந்தார், தேநீர் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுக்குமுன் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் அவை.

அடுத்த ஞாயிறு கூடும்போது பின்வருவனவற்றை ஆய்ந்து வருக:

1. தம்மீதே பழியை ஏற்றுக்கொள்வதும் பொய்யாகக் கூடுமோ? எவ்வாறு?
2. நீதிபதியின் முகத்தைக் காட்டாதது ஏன்?
3. நாம் உறுதியாகக் கண்டதாகச் சொல்லிவரும் ஒன்றை எடுத்துக்கொள்க. அன்று நாம் எங்கே நின்றிருந்தோம்?

மூன்றாவதன் விடையைச் சபையில் சொல்ல வேண்டுவதில்லை. சொல்லவேண்டியவர் உயிரோடிருந்தால், அவரிடம் சொல்லுக.